கை திறக்கக் கூடாத நாள்

2024 ஜூலை 16, செவ்வாய்க்கிழமை, காலை ஏழு ஐம்பது. இரவு பெய்த மழை விட்டிருந்தது. சாந்தோமில் காற்று அசையவில்லை. சட்டைக் காலர் அதற்குள் நனைந்துவிட்டது. ஒன்பது மணிக்கு அடையாறு ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டும். ஏழரைக்கே கிளம்பியிருக்கலாமே என்று எனக்கு ஒரே கவலை.

என் மகளுக்கு முப்பத்தெட்டு வயது. பள்ளி ஆசிரியை. எதையாவது இறுக்கிப் பிடித்தால் அவள் விரல்கள் உடனே விரியாது. எழுதி முடித்த பிறகும் சாக்பீஸ் கையிலேயே இருக்கும். பரம்பரைத் தசைநோய். மரபணுவில் ஓரிடத்தில் மூன்று எழுத்துகள் அடுத்தடுத்துத் திரும்பத் திரும்ப வருமாம். சாதாரண மனிதருக்கு முப்பது சொச்சத்துக்கு மேல் போகாது. எனக்கு எண்பது. அவளுக்கு நானூற்றுக்கு மேல். என் எண்பது எனக்குக் கொடுத்ததெல்லாம் ஐம்பது வயதில் ஒரு கண்புரை. மீதியை அவளுக்கு அனுப்பிவிட்டது. முப்பத்துநான்கு வருஷம் கணக்குப் பாடம் நடத்தியிருக்கிறேன். இப்படி ஒரு பெருக்கலைப் பார்த்ததில்லை.

அந்த மரபணுவின் வாயை அடைக்கும் புதிய மருந்து ஒன்றைச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். சோதனையில் சேர அன்று அவளுக்குக் கைப் பரீட்சை. மூன்று விநாடி இறுக்கி மூட வேண்டும், பிறகு திறக்க வேண்டும். கேமரா நேரத்தைப் பதிவு செய்யும். அந்த வாரத்தோடு ஆள் சேர்ப்பதை முடிக்கிறார்கள்.

பரீட்சை என்றால் எங்கள் வீட்டில் ஒரே வழக்கம்தான்: உள்ளே போகும்வரை படித்ததைத் திரும்பப் பார்ப்பது. ஆட்டோவில் ஏறியதும் ஆரம்பித்தேன்.

“மூடு. ஒண்ணு, ரெண்டு, மூணு. திற.”

“அப்பா, போதும்.”

“மறுபடி மூடு.”

பட்டினப்பாக்கம் தாண்டும்போது ஆட்டோக்காரர் கண்ணாடியில் பார்த்தார். “இன்னா பெருசு, பாப்பாவுக்கு எக்சர்சைஸா?”

“டெஸ்ட் இருக்கு.”

“நல்லா பண்ணு மா. சொம்மா பாஸாயிடுவ.”

பாலம் ஏறும்போது நாற்பது முறை ஆகியிருந்தது. காத்திருக்கும் அறையில் இன்னும் இருபது.

உள்ளே கேமரா முன்னால் அவள் கை பூப்போலத் திறந்தது. ஒரு விநாடிகூட ஆகவில்லை. எனக்குப் பெருமை தாங்கவில்லை. கேமராவின் அருகில் இருந்த பெண் மட்டும் முகம் மாறி டாக்டரம்மாவை அழைத்து வந்தாள்.

“போன மாசம் பன்னெண்டு செகண்ட் ஆச்சே? வர்ற வழியில ஏதாவது பண்ணீங்களா?”

“பயிற்சி கொடுத்தேன். அறுபது தடவை.”

டாக்டரம்மா சிரிக்காமல் இருக்கப் பாடுபட்டார். “சார், இந்த நோய்ல தசையைத் திரும்பத் திரும்ப மூடித் திறந்தா கொஞ்ச நேரத்துக்கு இறுக்கம் விட்டுடும். கை சீக்கிரம் திறந்தா நாங்க சேர்த்துக்க முடியாது. மருந்து வேலை செய்யுதான்னு எதை வெச்சுப் பார்ப்போம்?”

மகள் என் பக்கம் திரும்பினாள். “வாழ்க்கையில ஒரே ஒரு பரீட்சையில ஃபெயில் ஆகணும்னு வந்தேன். அதுலயும் கோச்சிங் குடுத்து பாஸ் பண்ண வெச்சுட்டீங்களே!”

விதிப்படி இன்னும் ஒரே ஒரு வாய்ப்பு உண்டு, வேறொரு நாளில். வியாழக்கிழமை வரச் சொன்னார்கள்.

வியாழக்கிழமை அவளை எதையும் தொட விடவில்லை. கைப்பை என்னிடம், குடை என்னிடம், தண்ணீர் பாட்டிலும் நானே திறந்து புகட்டினேன். ஆட்டோ குலுங்கியபோது கம்பியைப் பிடிக்கப் போனாள், “பிடிக்காதே!” என்று கத்தி, அவள் தோளைப் பிடித்துக்கொண்டேன்.

“மூடுங்க... இப்ப திறங்க,” என்றாள் கேமராவின் அருகில் இருந்த பெண்.

கை திறக்கவில்லை. முதலில் சுண்டுவிரல், பிறகு அதற்கடுத்தது, சேற்றிலிருந்து காலை எடுப்பதுபோல ஒவ்வொன்றாக வந்தன. கட்டைவிரல் கடைசி. பதினொரு விநாடி. அத்தனை நேரமும் அவள் கண் கையில் இல்லை, சுவரில் இருந்தது. திறக்கக் கூடாதே என்று நான் வேண்டிக்கொண்ட பதினொரு விநாடி அது. எந்தத் தகப்பன் இப்படி வேண்டியிருப்பான்?

சேர்த்துக்கொண்டார்கள்.

மூன்று வாரம் கழித்து முதல் மருந்து. ஒரு பை, ஒரு குழாய், உள்ளே தண்ணீர் மாதிரி ஏதோ ஒன்று. அதைப் பார்த்ததும் எனக்குச் சந்தேகம் வந்தது.

“இது ரத்தத்துல உடம்பு பூரா சுத்துமே டாக்டர், தசைக்குள்ள எப்படிப் போகும்?”

“அதுதான் இத்தனை வருஷமா பிரச்சினை, சார். வெறுமனே விட்டா பெரும்பாலும் ஈரலே வாங்கிக்கும். உங்க அபார்ட்மென்ட்ல வாட்ச்மேன் யாரைக் கேள்வி கேக்காம விடுவாரு?”

“தண்ணி கேன்காரரை.”

“தசைக்குத் தண்ணி கேன் மாதிரி இரும்புச்சத்து. அதை உள்ள எடுக்க ஒவ்வொரு செல்லுலயும் வாசல் இருக்கு. அந்த வாசலை அடையாளம் தெரிஞ்ச ஒரு புரதத்தோட முதுகுல மருந்தைக் கட்டி அனுப்பறோம். உள்ள போனதும் அந்த மரபணு எழுதி அனுப்பற தப்பான செய்தியை மட்டும் தேடி நறுக்கிடும். மத்த ஆயிரக்கணக்கான செய்திகளைத் தொடாது.”

“எப்படித் தெரியும், அதுதான் தப்பானதுன்னு?”

“எழுத்து எழுத்தா பொருத்திப் பார்க்கும். இருபத்தோரு எழுத்து பொருந்தணும்.”

நான் உட்கார்ந்துவிட்டேன். ஒரு வகுப்பு விடைத்தாள்களில் ஒரு தவறான விடையைக் கண்டுபிடிக்க எனக்குச் சிவப்புப் பேனாவும் ஓர் இரவும் வேண்டும். இங்கே கண்ணுக்குத் தெரியாத ஒன்று வாசல் அறிந்து நுழைந்து, இருட்டில் இருபத்தோரு எழுத்துகளைச் சரிபார்க்கிறது. மாதா கோயிலில் நற்கருணை வழங்கும் நேரத்தில்கூட மணிக்கட்டுக் கடிகாரத்தைப் பார்க்கிறவன் நான். அன்று அந்தச் சொட்டுகளுக்கு முன்னால் தானாகக் கை குவித்தேன்.

“அப்பா, எல்லாரும் பாக்கறாங்க,” என்றாள் மகள்.

“பாக்கட்டும்.”

பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு வெறும் உப்புநீர். அவளுக்கு எது என்பது டாக்டரம்மாவுக்கும் தெரியாதாம். சோதனை முடிந்த பிறகுதான் சொல்வார்கள். தசையின் வாசல்வரை வந்தது எது என்று தெரியாமலே அந்த வாசலை நினைத்துக்கொண்டு வீடு திரும்பினேன்.

மருந்துக்குக் காசு வாங்கவில்லை. ஆட்டோவுக்கு ரசீது கொண்டுவந்தால் பணம் தருவார்களாம். எந்த ஆட்டோக்காரர் ரசீது தருகிறார்? மூன்று நாளில் ஆறு சவாரி, ஆயிரத்து நூற்று முப்பது. காபி நான்கு, நூற்றிருபது. ஆக மொத்தம் என் கைச்செலவு ஆயிரத்து இருநூற்றைம்பது ரூபாய்.