யார் ரத்தம் என்று முனியப்பனிடம் கேட்டேன்

மூணு வருஷத்துக்கு முந்தின ஆடி மாதம் என் மகள் மித்ராவுக்குக் காய்ச்சல் வந்தது. வந்தது போகவே இல்லை. அஞ்சு வயசுப் பிள்ளை, கால் வலிக்குது என்று நடக்க மாட்டேன் என்கிறாள். அடியே படாமல் முழங்காலுக்குக் கீழே நீலம் நீலமாகக் கன்னிப்போயிருக்கிறது. ஓசூரை ஒட்டிய ஜூஜுவாடியில் எங்கள் தெரு டாக்டர் ரத்தம் சோதித்துவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல், இன்றைக்கே பெங்களூர் போய்விடுங்கள் என்றார்.

கர்நாடக எல்லையில் அத்திப்பள்ளி தாண்டும்போதே எனக்குப் பாதி உயிர் போய்விட்டது. ஆஸ்பத்திரியில் ரத்தப் புற்றுநோய் என்று சொன்னதும் மீதியும் போனது. மயங்கி விழுந்தது பிள்ளை இல்லை, நான்தான். நர்சம்மா பிள்ளைக்கு வைத்திருந்த ஜூஸை என் வாயில் ஊற்றினார். கட்டிலில் உட்கார்ந்திருந்த மித்ரா, "அப்பாவுக்கும் ஊசி போடுவாங்களா?" என்று ஆசையாக விசாரித்தாள்.

ராயக்கோட்டை ரோட்டில் அரிவாளோடு உட்கார்ந்திருக்கிறாரே முனியப்பன், அவர்தான் எங்கள் குலதெய்வம். வருஷம் தவறாமல் கிடா, பொங்கல். அப்படி இருக்க, என் பிள்ளைக்கா? எனக்கு முதலில் அழுகை வரவில்லை. கூடவே இருந்த ஆள் கழுத்தறுத்த மாதிரி கோபம்தான் வந்தது. பர்சில் இருந்த அவர் படத்தைக் கவிழ்த்து வைத்தேன். நம்ம சண்டை அவ்வளவுதான், தைரியம் இருந்தால்தானே கிழிப்பதற்கு.

பிள்ளையின் எலும்பு மஜ்ஜையை எடுத்தார்கள். ஜீன் சோதனைக்கும் அனுப்புகிறோம், எந்த மாதிரி மாற்றம் என்று தெரிந்தால்தான் நோய் மருந்துக்குக் கட்டுப்படுமா, எவ்வளவு கடுமையான மருந்து வேணும் என்பது தெரியும் என்றார்கள். ஜீன் என்ற சொல் காதில் விழுந்ததும் என் மூளை நேராக ஃபேக்டரிக்கு ஓடிவிட்டது. ஓசூரில் கியர் செய்கிற கம்பெனியில் நான் குவாலிட்டி இன்ஸ்பெக்டர். ஒரு பீஸ் ரிஜெக்ட் ஆனால் எங்கள் முதல் கேள்வி, இரும்பிலேயே கோளாறா, இங்கே லேத்தில் கடையும்போது ஆனதா என்பதுதான். ஜீன் என்றால் இரும்புதான் என்று நானே முடிவு கட்டினேன். இரும்பு கொடுத்தது நானும் என் மனைவி செல்வியும்.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். செல்வி என் கூடப்பிறந்த அக்கா மகள். கல்யாணம் ஆகியும் என்னை மாமா என்றே கூப்பிடுகிறவள்.

அப்புறம் என்ன, சொந்தக்காரர் ஒருத்தர் பாக்கி இல்லாமல் போன் போட்டேன். உங்க தாத்தா எப்படிச் செத்தார், பாட்டிக்கு என்ன நோய் என்று ஆடிட். மத்தூர் பெரியப்பா கடுப்பாகிவிட்டார். "எங்கப்பன் கெணத்துல வுழுந்து செத்தான்டா. அதுக்கும் ஜீனாடா காரணம்?" என்று கேட்டு போனை வைத்துவிட்டார். எங்கள் வம்சத்தில் நீச்சல் தெரியாத ஜீன் இருப்பது மட்டும் உறுதியானது.

இந்தக் கூத்தெல்லாம் அக்கா ஆஸ்பத்திரிக்கு வந்த நாளோடு நின்றது.

அக்கா மத்தூரிலிருந்து வந்தாள். வார்டுக்குள் வரவில்லை. வெளியிலேயே நின்று என்னிடம் சொன்னாள்: "தம்பி நிச்சயத்துக்கு நீங்க யாரும் வர வேணாம். பொண்ணு வீட்ல கேட்டாங்க. அது உன் ரத்தத்துல வந்ததுன்னு சொல்லிட்டேன்." தம்பி என்றது செல்வியின் தம்பியை. நானும் அக்காவும் ஒரே வயிற்றில் பிறந்தவர்கள். என் ரத்தம் கெட்டது, இவளுடையது மட்டும் சுத்தமாம். சிரிப்பு வரவேண்டிய இடம். வரவில்லை.

பிறகு செல்வியைத் தனியே கூப்பிட்டு, "சொந்தத்துல வேணாம்னு நான் அப்பவே தலதலயா அடிச்சிக்கினேன்" என்றிருக்கிறாள். யார்? நிலம் வெளியே போகக்கூடாது, என் மகளைக் கட்டாவிட்டால் அரளி விதையைத் தின்பேன் என்று என்னை மிரட்டி மணையில் உட்காரவைத்த அதே அக்கா.

செல்வி திரும்பி வந்து மித்ராவின் காலைப் பிடித்துவிட்டபடி உட்கார்ந்தாள். சாப்பிடவில்லை. மறுநாளும் சாப்பிடவில்லை. பிறகு தலை நிமிராமல் கேட்டாள்: "மாமா, என்னாலதானே?"

எப்போதும் வாயில் பதில் வைத்திருக்கிறவன் நான். அன்றைக்குச் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். பஸ் ஏறி முனியப்பனிடம் போனேன். கும்பிட இல்லை, திட்ட. தேங்காய்கூட வாங்கவில்லை. அவர் எதிரில் நின்று வாய்க்கு வந்ததெல்லாம் பேசினேன். பூசாரி எழுந்து கொஞ்சம் தள்ளிப்போய் உட்கார்ந்துகொண்டார். திட்டி முடித்ததும் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். பிள்ளை உயிரைக் கேட்கத்தான் வாயைத் திறந்தேன். வந்தது வேறு. "அப்பனே, அவ மேல தப்பு இல்லைன்னு யாரையாவது வெச்சி அவளுக்குச் சொல்லு. வேணும்னா என் மேல போட்டுக்கோ." சொன்ன மறுநொடியே நிமிர்ந்து அவர் அரிவாளைப் பார்த்தேன். இந்த ஆள் நிஜமாகவே என் மேல் போட்டுவிட்டால்?

அந்த வாரமே ரிப்போர்ட் வந்தது. டாக்டரம்மா கன்னடக்காரர். நான் எனக்குத் தெரிந்த கன்னடத்தில், யார் ரத்தத்தில் வந்தது மேடம் என்று கேட்டேன். அவர் எனக்குப் பதில் சொல்லவில்லை. நாற்காலியைச் செல்வி பக்கம் திருப்பிப் போட்டு, உடைந்த தமிழில் அவளிடம் சொன்னார்: "யார்துமே இல்லம்மா. நீ குடுத்தது இல்ல, இவர் குடுத்தது இல்ல."

மித்ராவின் மஜ்ஜையில் ஏதோ ஒரு செல்லில், பன்னெண்டாம் குரோமோசோமும் இருபத்தொன்றாம் குரோமோசோமும் ஆளுக்கொரு துண்டை மாற்றிக்கொண்டு ஒட்டிவிட்டனவாம். அந்தச் செல்தான் பிறகு பெருகி நோயானது. அவள் வயிற்றில் இருக்கும்போதே அது நடந்திருக்கலாம். செல்வி பதறி, அப்போது நான் எதையாவது தின்று தொலைத்தேனா என்றாள். நீ எதுவும் செய்யவில்லை, யாரும் செய்து இது வருவதில்லை என்று டாக்டரம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டார். சொந்தத்தில் கட்டினால் வேறு சில நோய்களுக்கு வாய்ப்பு கூடும், அதை மறைக்க மாட்டேன், ஆனால் இது அப்படி வந்தது இல்லை என்றும் நேராகச் சொன்னார். இரும்பில் கோளாறு இல்லை. கடைசலில், யாரும் கை வைக்காமல், தானாக நடந்தது.

இந்த மாற்றம் இருக்கிற பிள்ளைகளுக்கு மருந்து நன்றாகவே கேட்கிறது என்று அவர் சொன்னபோது நான் இன்னொரு தடவை விழப்பார்த்தேன். இந்தத் தடவை செல்வி சட்டையைப் பிடித்துக்கொண்டாள். ஒன்று கேட்டேன், முனியப்பன் இரண்டாகக் கொடுத்தார்.

செல்வி அம்மாவுக்குப் போன் போட்டாள். "அம்மா, யாரோட ரத்தமும் இல்லியாம்" என்றாள். அக்கா சொன்னது எனக்கும் கேட்டது: "டாக்டருங்க அப்பிடித்தான் சொல்லுவாங்க." செல்வி போனை வைத்துவிட்டு, இட்லி வாங்கி வா மாமா என்றாள். நாலு தின்றாள்.

சிகிச்சை லேசாக இல்லை. முடி கொட்டியது, வாய் புண்ணானது, காய்ச்சல் வந்தபோதெல்லாம் நடுங்கினோம். மருந்தெல்லாம் முடிந்து இப்போது மித்ரா பள்ளிக்கூடம் போகிறாள். சோதனைக்கு மட்டும் பெங்களூர் போய்வருகிறோம். மச்சான் கல்யாணத்தை வாட்ஸப் ஸ்டேட்டஸில் பார்த்தோம். தன் வேண்டுதலால்தான் பேத்தி பிழைத்தாள் என்று அக்கா மத்தூரில் சொல்லிக்கொண்டிருக்கிறாளாம். அவளை மன்னிக்கிற மனசை முனியப்பன் இன்னும் எனக்குக் கொடுக்கவில்லை. நானும் நச்சரிக்கவில்லை. படத்தை மட்டும் நிமிர்த்தி வைத்துவிட்டேன். ஊசி என்றால் கண்ணை மூடிக்கொள்கிற நான், இப்போது அந்த வார்டுப் பிள்ளைகளுக்காக, ரத்தம் உறையவைக்கிற தட்டணுக்களைத் தானமாகக் கொடுத்துவருகிறேன். கண்ணை மூடிக்கொண்டுதான்.

இதைப் படிக்கிறவர்களில் யாராவது இன்றைக்கு ஓர் ஆஸ்பத்திரி வராண்டாவில் நின்றுகொண்டிருந்தால், சாமியை விட்டுவிடாதீர்கள். திட்டியாவது பேசுங்கள், அவர் கோபித்துக்கொள்வதில்லை. டாக்டர் சொன்ன மருந்தையும் விடாதீர்கள். ஒரு தடவை உங்கள் வீட்டம்மா முகத்தைப் பாருங்கள். வாய்விட்டுக் கேட்க முடியாத கேள்வி ஒன்று அதில் இருக்கும். அவளுக்காக நீங்கள் கேளுங்கள், கோயிலிலும் கேளுங்கள், டாக்டரிடமும் கேளுங்கள். எனக்கு இரண்டு இடத்திலும் பதில் கிடைத்தது.