மோதிரத்துக்குள் நின்றவர்

போன வாரம் சூலூரிலிருந்து என் தங்கை சாந்தாமணி போன் செய்தாள். குரல் இறங்கியிருந்தது.

"அக்கா, மோதரத்துக்குள்ளார ஆரோ நிக்கறாங்க. நீ உடனே வாக்கா."

என்ன மோதிரம்? அவள் மகள் நிவேதாவுக்கு வெள்ளிக்கிழமை நிச்சயதார்த்தம். மாப்பிள்ளையே கடைக்குப் போய்த் தேர்ந்தெடுத்த வைர மோதிரம் அது. எங்கள் பக்கத்தில் வைரத்தை வாங்கியதும் விரலில் போட்டுவிட மாட்டோம். மூன்று நாள் வீட்டில் வைத்து ராசி பார்ப்போம். அந்த மூன்று நாளில் பால் பொங்கி வழிந்தால்கூடப் பழி கல்லின் மேல்தான். அதனால் மாப்பிள்ளை வீட்டார் முன்கூட்டியே கொடுத்தனுப்பியிருந்தார்கள்.

துடியலூரிலிருந்து சிரித்துக்கொண்டேதான் கிளம்பினேன்.

பூஜை அறையில், மஞ்சள் துணி மேல் இருந்தது. மார்க்கீஸ் ஷேப். இரண்டு முனையும் கூராக, நடுவே அகன்று, அப்படியே ஒரு கண். குனிந்தேன்... நடுவில் கறுப்பாக ஒன்று. தலையைச் சாய்த்தேன். அதுவும் சாய்ந்தது.

சிரிப்பு போய்விட்டது. பகல் பதினொரு மணி, பக்கத்தில் தறிச் சத்தம் — ஆனாலும் நான் ஓரடி பின்னால் நகர்ந்தேன்.

"மொத நாளு தறி பெல்ட்டு அந்துபோச்சு" என்றாள் சாந்தாமணி. "நேத்து மாப்பிள்ளை பைக்குல சறுக்கி உழுந்துட்டாரு. கை சிராய்ச்சதோட போச்சு. மூணு நாளா இது முன்னாலயேதான் உக்காந்திருக்கேன். நான் பாக்கறப்பெல்லாம் அதும் என்னையப் பாக்குது."

"கல்லை மாத்திக்கலாம் சாந்தா."

"கல்லை மாத்தலாம்... சகுனத்தை மாத்த முடியுமாக்கா? இந்தச் சம்மந்தம் வேண்டாம்னு போன் பண்ணிச் சொல்லிப்போடறேன்."

நிவேதா கதவோரம் அழுதபடி நின்றாள். "பெரியம்மா, நீங்களாவது சொல்லுங்க."

பத்திரிகைப் பத்தியில் வாராவாரம் மூடநம்பிக்கையைக் கிழிப்பவள் நான். அன்றைக்கு என்ன செய்தேன் தெரியுமா? வாயை மூடிக்கொண்டேன். நானும்தான் பார்த்துவிட்டேனே! இதை எழுத வெட்கமாக இருக்கிறது.

கடைசியில் வழி சொன்னது நிவேதாதான். "எடுத்த கடையில ஒருக்கா கேட்டுப்போட்டு, அப்பறம் போன் பண்ணுங்கம்மா."

ராஜ வீதி நகைக்கடைக்குப் போனோம். கவுண்டரில் இருந்த பெண் கல்லைப் பார்த்தாள், எங்களைப் பார்த்தாள்.

"அது உங்க தலைதானுங்க."

எங்களுக்குப் புரியவில்லை. அவள் பொறுமையாகச் சொன்னாள். "ஷேப் வேற, கட் வேறங்க. ஷேப்புங்கறது மேல இருந்து பாத்தாத் தெரியற உருவம். கட்டுங்கறது பட்டை தீட்டுன விதம். உள்ள போற வெளிச்சத்தை அதுதான் திருப்பி அனுப்புது. ஓவல், மார்க்கீஸ் மாதிரி நீளமான கல்லுல, நாம குனிஞ்சா நம்ம தலை வெளிச்சத்தை மறைச்சுருமுங்க. அதுதான் நடுவுல கறுப்பாத் தெரியுது. கட் நல்லா இருந்தாக் கொறைவாத் தெரியும். ரவுண்டுல இப்புடித் தெரியாதுங்க."

ஒரு வெள்ளைத் தாளில் சின்ன ஓட்டை போட்டு, அதன் வழியாகப் பார்க்கச் சொன்னாள். கறுப்பு இல்லை. தாளை எடுத்தாள். மறுபடி வந்து நின்றது.

"பக்கத்துல போகப் போக ஜாஸ்தியாகுமுங்க."

நிவேதா மோதிரத்தைப் போட்டுக் கையை நீட்டிப் பார்த்தாள். "நான் எப்பவும் இப்புடித்தான் பாத்தேன். எனக்கு ஆரும் தெரியலையே."

சாந்தாமணி மகளின் விரல் மேல் குனிந்து பார்த்தாள், நிமிர்ந்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள். "அப்ப... மூணு நாளா எம்பொண்ணு மோதரத்துல நின்னது நானா?"

பெண்ணைக் கட்டிக்கொடுக்கும் நேரத்தில் அம்மாக்களுக்கு ஒரு பயம் வரும் இல்லையா? அது எங்கேயாவது வந்து நிற்கத்தானே செய்யும்!

"வேற கல்லு மாத்தித் தரட்டுங்களா?" என்றாள் கடைப் பெண்.

"வேண்டாமுங்க அம்மணி. மாப்பிள்ளை ஆசையா எடுத்தது" என்ற சாந்தாமணி, அங்கேயே நின்று போன் போட்டாள். "சம்மந்தி, மோதரம் நல்லா இருக்குதுங்க. வெள்ளிக்கெழமை எல்லாரும் வந்துருங்க." நிவேதா என் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

நிச்சயம் நன்றாக நடந்தது. சொந்தக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து, நிவேதாவின் விரலைப் பிடித்து, குனிந்து பார்த்தார்கள். சிலர் முகம் சட்டென்று மாறியது; கையை விட்டுவிட்டுப் பேசாமல் பந்திக்குப் போனார்கள்.

உள்ளே நிற்பது யார் என்று நான் ஒருவரிடமும் சொல்லவில்லை.