'ம'வில் ஒரு பாட்டு

கடல் கடந்து நாங்கள் குடியேறிய மனுரேவாவில் ஒரு சமூகக் கூடம், இன்று இங்கே ஹிந்தி தினம். அந்தாக்ஷரி களைகட்டுகிறது, ஓர் அணி பாடி முடித்த எழுத்தில் அடுத்த அணி ஹிந்திப் பாட்டைத் தொடங்க வேண்டும். ஃபிஜிக்குக் கரும்பு வெட்டப் போனவர்களின் பேத்திகளும், போன மாதம் விசா கிடைத்து வந்த பஞ்சாபிகளும் ஒரே வரியை ஒன்றாகக் கத்துகிறார்கள். மதுரைக்காரனான எனக்கு ஒரு சொல்லும் புரியவில்லை. கால் மட்டும் தாளம் போடுகிறது.

ஆளுக்கொரு முறை என்பதால் என் முறையும் வந்துவிடுகிறது. எழுத்து 'ம'. என்னை அழைத்துவந்த யாழ்ப்பாணத்து ஜெயந்தி அக்கா விலாவில் இடிக்கிறார்.

"பாடுங்கோ தம்பி!"

"எனக்குத் தமிழ்ப் பாட்டுதான்கா தெரியும்!"

"ஓம், அதையே பாடுங்கோ. இஞ்ச ஒருத்தரும் அடிக்க மாட்டினம்!"

எழுந்து பாடுகிறேன். கூடம் ஒரு கணம் திகைக்கிறது, பிறகு கைதட்டலில் அதிர்கிறது. முடித்ததும் எல்லோரும் நடுவரைப் பார்க்கிறோம். அந்த ஃபிஜி அம்மாள் சிரிப்பை அடக்கியபடி எதிரணியிடம் திரும்புகிறார்.

"உங்களுக்கு 'ல'."

என் தமிழ்ப் பாட்டு விட்ட எழுத்தைப் பிடித்துக்கொண்டு ஹிந்தி ஓடுகிறது. பொருள் தெரியாமலே அக்காவும் நானும் கூடச் சேர்ந்து பாடுகிறோம், எல்லோரையும்விட உரக்க.