ஜம்பாஷும் எசென்குலின் பல்லும்

அத்-பாஷி என்ற மலையூரில் விருந்து என்றால் ஆட்டின் ஒவ்வொரு எலும்புக்கும் ஓர் ஆள் உண்டு. யாருக்கு எது என்பதை வயதுதான் முடிவு செய்யும். பந்தியில் மூத்த ஆணுக்கு ஜம்பாஷ், அதாவது கொழுப்பும் கறியும் பொதிந்த இடுப்பெலும்பு. டிராக்டர் மெக்கானிக் எசென்குலுக்கு வாழ்க்கையில் இருந்த ஒரே ஆசை, அதை ஒருநாள் தின்றுவிட வேண்டும் என்பதே.

ஆனால் அவருக்கு மூத்தவர்கள் சாகவே மாட்டோம் என்று அடம்பிடித்தார்கள். ஒவ்வொரு குளிர்காலமும் எசென்குல் வீடுவீடாகப் போய் அவர்கள் உடம்பை விசாரிப்பார். எவ்வளவு அக்கறை என்று ஊரே மெச்சியது.

ஒருவழியாகக் கடைசி மூத்தவரும் கண்ணை மூடியபோது எசென்குலின் வாயில் ஒரு பல்கூட மிச்சமில்லை. மகள் அவரைத் தலைநகர் பிஷ்கெக்குக்குக் கூட்டிப்போனாள். பல் டாக்டர் தாடையில் வரிசையாகத் திருகுகளை இறக்கினார்.

"எலும்போட திருகு ஒட்டணும் பெரியவரே. அதுவரைக்கும் கஞ்சி, சூப்புதான். பல்லு அப்புறம் மாட்டுவோம்."

"திருகைப் போட்டுட்டு சும்மா விடுவாங்களா? டிராக்டர்ல நான் அப்படி விட்டா அடிக்க வருவாங்க!"

"டிராக்டர் கறி கேக்காதே."

ஊர் திரும்பிய வாரமே ஒரு கல்யாண விருந்து. முதன்முறையாக ஜம்பாஷ் ஆவி பறக்க எசென்குல் முன்னால் வந்து உட்கார்ந்தது. தின்ன முடியாதவர் தட்டை அடுத்தவரிடம் தள்ளிவிட வேண்டும். தள்ளினால் அந்த மரியாதையும் கூடவே போய்விடும். வயதில் அடுத்தவர், பக்கத்திலேயே உட்கார்ந்திருந்த சம்பந்தி கப்பார்.

"என்ன சம்பந்தி, பாத்துக்கிட்டே இருக்கீங்க? பல்லு இன்னும் பஸ் ஏறலையா?"

எசென்குல் கத்தியை உருவினார். மூத்தவர் தன் கையால் இளையவருக்குக் கறி ஊட்டுவது அங்கே பெரிய ஆசீர்வாதம். கப்பார் இரண்டு மாதம் இளையவர். இருப்பதிலேயே பெரிய துண்டை அறுத்து எசென்குல் அவர் வாயில் திணித்தார். கப்பாரால் அதற்குமேல் பேச முடியவில்லை. எசென்குல் அப்படியே சுற்றிலும் ஊட்டிக்கொண்டே போனார், எலும்பு வெள்ளையாகும்வரை.

"ஒரு துண்டு தன் வாயில வைக்கலையே! மனுஷனா இவரு?" என்று பந்தி உருகியது.

பேர் பரவியது. பக்கத்து ஊர்களும் அழைத்தன. பரீட்சைக்குப் போகிற பிள்ளைகளை அவர் கையால் ஒரு வாய் வாங்க அனுப்பினார்கள். கறவை வற்றிய பசுவைக்கூட ஒருத்தி ஓட்டிவந்தாள். எசென்குல் வீட்டுக்குப் போய், கொழுப்பு மணக்கும் விரல்களை முகர்ந்துகொண்டே கஞ்சி குடித்தார்.

"ஊருக்கே கறி ஊட்டிட்டு வந்து எங்கிட்ட கஞ்சி கேக்குறீங்களே, வெக்கமா இல்ல?" என்பாள் மனைவி சைரகான்.

வசந்தத்தில் பல் மாட்டினார்கள். ஒவ்வொன்றும் பளிங்குபோல. அடுத்த விருந்தில் ஜம்பாஷ் வந்ததும் சுற்றியிருந்தவர்கள் குருவிக்குஞ்சு மாதிரி வாயைத் திறந்தார்கள். முதலில் திறந்தவர் கப்பார்.

எசென்குல் ஒரு துண்டு அறுத்தார். அது கப்பாரின் மூக்குக்கு நேராக வந்து, அப்படியே திரும்பி, எசென்குலின் வாய்க்குள் போனது.

கப்பார் திறந்த வாயை மூடினார்.

"கை தவறிடுச்சா சம்பந்தி?"

"இல்ல" என்று மென்றபடியே இரண்டாவது துண்டை அறுத்தார்.

"தங்கமான மனுஷன். அந்த டாக்டர் பாவி திருகோட சேத்து கஞ்சத்தனத்தையும் முடுக்கி அனுப்பிட்டான்" என்றாள் ஒரு கிழவி. கப்பாரின் மனைவி அங்கேயே புருஷன் பக்கம் திரும்பினாள். "உங்களுக்கு இந்த மாதிரிப் புதுப் பல்லும் வேணாம், ஒண்ணும் வேணாம். இருக்கிற பேரு போதும்."

பசுவை ஓட்டிவந்தவள் எழுந்தே போய்விட்டாள். சைரகான் எசென்குலின் விலாவில் இடித்தாள்.

"ஏங்க, எல்லாரும் பாக்குறாங்க. ஒரு துண்டாவது குடுங்க. சேத்துவெச்ச பேரெல்லாம் போகுது."

"போகட்டும்டி."

மோவாயில் வழிந்த கொழுப்பைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு எலும்பைத் திருப்பினார். மறுபக்கத்திலும் கறி இருந்தது.