‘உள்ளே கேட்டுச் சொல்கிறேன்’ உத்தியோகம்

கணினி நிரல் எழுதும் தொழிலில் பாதிக் காலம் நாம் எழுதியதைத் திருத்துவதில் போகும். மீதிக் காலம் வேறொருவர் எழுதிவிட்டு ஓடிப்போனதைத் தொடாமலே திருத்துவதில் போகும். இதே தொழிலில் மாட்டிக்கொண்டிருக்கும் சகோதர சகோதரிகளே, உங்களுக்கு நான் புதிதாக எதுவும் சொல்லப்போவதில்லை. பட்டவர்கள் பட்டவர்களிடம் சொல்லிக்கொள்வதில் ஒரு சுகம் இருக்கிறதே, அதற்காக எழுதுகிறேன். தொழில் தெரியாதவர்களும் தாராளமாகப் படிக்கலாம். நடுவில் ஒரு கல்யாணம் வருகிறது, சாப்பாடும் உண்டு.

பெர்த்துக்குப் போய்விட்ட மூளை

தொண்ணூறுகளின் பிற்பகுதி. பிரிக்ஃபீல்ட்ஸில் எவர்சில்வர் பாத்திரக் கடைக்கு மேல்மாடியில் எங்கள் அலுவலகம். ஆள் ஐந்து பேர், கணினி நான்கு. முதலாளி சிவபாலன் யாழ்ப்பாணத்துக்காரர். அரசாங்க வேலையை விட்டுவிட்டு வந்து கம்பெனி ஆரம்பித்தவர், ஆனால் கழுத்துப்பட்டையை மட்டும் விடவில்லை.

எனக்குக் கிடைத்த முதல் பெரிய வேலை கிள்ளானில் ஒரு கல்யாண மண்டபம். மண்டபத்துக்குச் சொந்தக்காரி கமலா ஆன்டி. பதிவு செய்வது, ரத்து செய்வது, தேதி தள்ளி வைப்பது, நாற்காலி எண்ணிக்கை சொல்வது எல்லாம் ஒரு நிரல் பார்த்துக்கொண்டிருந்தது. அதை எழுதியவர், திருத்துவதற்குத் தேவையான மூலப் பிரதியைப் பெட்டியில் போட்டுக்கொண்டு ஆஸ்திரேலியாவில் பெர்த்துக்குக் குடியேறிவிட்டார். நமக்கு விட்டுப்போனது ஓடுகிற நிரலும், அதற்கு என்னென்ன கட்டளை கொடுக்கலாம் என்று இரண்டு தாளில் ஒரு பட்டியலும். மொத்தம் முப்பத்தாறு கட்டளை. உள்ளே எப்படி வேலை நடக்கிறது என்று பெர்த்துக்கும் ஆண்டவனுக்கும்தான் தெரியும். கமலா ஆன்டிக்கோ புதிதாகச் சில வசதிகள் வேண்டும்.

திறக்க முடியாத ஒன்றை எப்படி மாற்றுவது என்று முதலாளியிடம் போய் நின்றேன். அவர் வழி சொன்னார். பழைய நிரலை உள்ளே உட்கார வை. அதே முப்பத்தாறு கட்டளைக்கும் பதில் சொல்லும் புதிய ஆப்ஜெக்ட் ஒன்றை, அதாவது இன்னொரு சின்ன நிரலை, அதற்கு வெளியே நிறுத்து. வருகிறவர்கள் வெளியே நிற்பவரிடம் மட்டும் பேசுவார்கள். அவர் உள்ளே கேட்டு வந்து பதில் சொல்வார். எங்கே புதிதாக ஒன்று வேண்டுமோ அந்த இடத்தில் மட்டும் வெளியே நிற்பவரே தன் வேலையைக் காட்டட்டும். எனக்கு இதெல்லாம் வருமா என்று இழுத்தேன். சிவபாலன் கழுத்துப்பட்டையைச் சரிசெய்துகொண்டு சொன்னார்: “பிள்ளை, உள்ளுக்கு இருக்கிறவரைத் தொடாதையும். நீர் வாசலில நிண்டு, கேக்கிற எல்லாத்துக்கும் ‘உள்ளுக்குக் கேட்டுச் சொல்லுறன்’ எண்டு சொன்னால் போதும்.”

முப்பத்தாறு தடவை

போதும் என்று சொல்வது சுலபம். முப்பத்தாறு கட்டளைக்கும் நான்தான் ஒவ்வொன்றாக எழுத வேண்டும். பதிவு செய் என்றால் உள்ளே இருப்பவரைப் பதிவு செய்யச் சொல். ரத்து செய் என்றால் உள்ளே இருப்பவரை ரத்து செய்யச் சொல். ஆறாவது கட்டளைக்கு வருவதற்குள் கொட்டாவி வந்துவிட்டது. பல்கலைக்கழகத்தில் நாலு வருடம் படித்தது இந்தத் தபால்காரர் வேலைக்குத்தானா என்று தோன்றியது. பாவம், தபால்காரருக்காவது சைக்கிள் கொடுத்திருப்பார்கள்.

அந்த மண்டபத்தில் பதிவு மேசையைப் பார்த்துக்கொண்டவர் மணியம் அங்கிள். ரயில்வே அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். விசைப்பலகையில் ஒரே விரலால் தட்டுவார், ஆனால் தப்பே வராது. ஒருநாள் நான் செய்வது என்னவென்று கேட்டார். ஆப்ஜெக்ட், இன்டர்ஃபேஸ் என்று அள்ளி விட்டேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, ரயில்வேயில் தன் மேசைக்கு வந்த கடிதங்களில் ‘மேல் நடவடிக்கைக்கு’ என்று முத்திரை குத்தி உள்ளே அனுப்பியதையும், பதில் வந்தால் தன் மேசையிலிருந்தே கொடுத்ததையும் சொன்னார். உள்ளே எந்த அதிகாரி இருந்தார் என்று ஜனங்களுக்குத் தெரியவே தெரியாதாம். கடைசியில் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்: “நான் முப்பது வருஷமா செஞ்ச வேலையத்தான் நீ யூனிவர்சிட்டி போயி படிச்சிருக்க. என்ன, எனக்கு பென்ஷன் இருக்கு.”

தன்னையே கேட்டுக்கொண்ட நிரல்

ஒன்றை எழுதி முப்பத்தைந்து தடவை நகல் எடுத்து, பெயரை மட்டும் மாற்றுவது என்று குறுக்கு வழி கண்டுபிடித்தேன். நீங்களும் செய்திருப்பீர்கள், மறைக்க வேண்டாம். கமலா ஆன்டிக்குக் காட்டுவதற்காக கம்யூட்டர் என்ற புறநகர் ரயிலில் கிள்ளானுக்குப் போனேன். ஆன்டி பட்டுச்சேலையில் வந்து உட்கார்ந்தார். பதிவு செய்து காட்டினேன், ஓடியது. ரத்து செய்தேன், ஓடியது. ஆன்டி நாற்காலி எத்தனை இருக்கிறது என்று கேட்கச் சொன்னார். கேட்டேன். கணினி அசையாமல் நின்றுவிட்டது. கொஞ்ச நேரத்தில் நிரலே செத்து விழுந்தது.

நகல் எடுத்ததில் ஓர் இடத்தில் உள்ளே இருப்பவரின் பெயரை எழுத மறந்திருக்கிறேன். ‘நாற்காலி எத்தனை?’ என்று கேட்டால் வாசலில் நிற்பவர் உள்ளே போய்க் கேட்கவில்லை, தன்னையே கேட்டுக்கொண்டார். கேட்கப்பட்டவரும் அவரே என்பதால் மறுபடி தன்னையே கேட்டார். அப்படியே கேட்டுக் கேட்டு மூச்சு முட்டி விழுந்துவிட்டார். முகம் சிவந்துபோய் இதை விளக்கிக்கொண்டிருந்தேன். ஆன்டி கோபித்துக்கொள்வார் என்று பார்த்தால், மேசையைத் தட்டிச் சிரித்தார்: “என் வீட்டுக்காரரும் இப்படித்தான்லா. ஒன்னு கேட்டா பதில் வராது, அவரயே கேட்டுக்கிட்டு உக்காந்திருப்பாரு.”

பென்சில் தேதி

கமலா ஆன்டி கேட்ட புதிய வசதி பென்சில். அந்த மண்டபத்தில் ஒரு வழக்கம் இருந்தது. பேச்சு முடிந்ததும் குடும்பத்தார் வந்து தேதி சொல்வார்கள். அதை நோட்டில் பென்சிலால் எழுதுவார்கள். பத்திரிகை அச்சானதும் முதல் பிரதி சாமிக்கு, இரண்டாவது பிரதி மண்டபத்துக்கு. நாலு மூலையிலும் மஞ்சள் தடவிய அந்தப் பத்திரிகையை மேசையில் வைத்த பிறகுதான் பேனாவால் எழுதுவார்கள். பென்சிலில் போட்ட தேதியை வேறு யாருக்கும் கொடுப்பதில்லை. பெர்த்துக்காரர் நிரலுக்குப் பேனா மட்டும்தான் தெரியும். ஆகவே பென்சில் பட்டியலை வாசலில் நிற்பவரிடம் கொடுத்தேன். யாராவது பதிவு செய்ய வந்தால் முதலில் தன் பட்டியலைப் பார்ப்பார், தேதி அதில் இல்லையென்றால்தான் உள்ளே அனுப்புவார். அழகாக வேலை செய்தது. நோட்டுப் புத்தகத்தை இழுப்பறையில் போட்டுப் பூட்டினார்கள்.

முதல் பென்சில் தேதியே என்னுடையது. சுங்கை வேயில் தொழிற்சாலையில் வேலை பார்த்த குமாருக்கும் எனக்கும் நிச்சயம் ஆகியிருந்தது. ஆனி மாதக் கடைசி முகூர்த்தம். அதை விட்டால் ஆடி. ஆடி முடிவதற்குள் கம்பெனி அவரை இரண்டு வருடப் பயிற்சிக்கு ஜப்பானுக்கு அனுப்புகிறது. கல்யாணமாகிவிட்டால் நானும் கூடப் போகலாம். இல்லையென்றால் இரண்டு வருடம் கடிதம்தான். எனக்குக் கடிதம் எழுத வராது, நிரல்தான் எழுத வரும். கமலா ஆன்டி என் பெயரைத் திரையில் பார்த்துவிட்டுத் தோளைத் தட்டினார்: “பயப்படாத தேவி. பென்சில் நீ செஞ்சது, ரப்பர் எங்கிட்டதான் இருக்கு.”

மஞ்சள் தடவிய பத்திரிகை

வருங்கால மாமியார் பத்திரிகை அடித்ததும், வெளியூர்க்காரர்களுக்கு முன்கூட்டியே போகட்டும் என்று ஈப்போவுக்கும் பினாங்குக்கும் தபாலில் சேர்த்துவிட்டார். மண்டபத்துப் பிரதியை நானும் அத்தையும் எடுத்துக்கொண்டு போனோம். என் மருமகள் செய்த கம்ப்யூட்டர் என்று ரயிலில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாளிடமெல்லாம் அத்தை சொல்லிக்கொண்டு வந்தார். மணியம் அங்கிள் பத்திரிகையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, ஒரே விரலால் தட்டினார். திரையில் அந்தத் தேதியில் பேனாப் பதிவாக வேறொரு பெயர் இருந்தது.

லோரி கம்பெனி வைத்திருந்த ஒரு குடும்பம். மாப்பிள்ளையின் அப்பாவுக்குத் திடீர் ஆப்பரேஷன் என்பதால் கல்யாணத்தை எங்கள் தேதிக்குத் தள்ளி வைத்திருக்கிறார்கள். கமலா ஆன்டிதான் தட்டியிருக்கிறார். தேதி இடிபட்டால் கணினி சொல்லிவிடும் என்று நம்பியிருக்கிறார். அது சொல்லவில்லை. எனக்கு நின்ற இடத்திலேயே காரணம் விளங்கிவிட்டது. ‘தேதி தள்ளி வை’ என்ற கட்டளையை நான் அப்படியே உள்ளே அனுப்பியிருந்தேன். உள்ளே இருப்பவர் பழைய தேதியை ரத்து செய்து, புதிய தேதியில் பதிவு செய்தார். அந்தப் பதிவுக்கு அவர் வெளியே வந்து என் வாசல்காரரைக் கேட்கவில்லை, தன் வேலையைத் தானே முடித்துக்கொண்டார். வாசலில் ஒருவர் பென்சில் பட்டியலோடு நிற்பதே அவருக்குத் தெரியாது. எனக்கு அழுகை வந்துவிட்டது, அடக்கவும் முடியவில்லை. நான் விளக்குவதற்கு முன்பே மணியம் அங்கிள் மெதுவாகச் சொன்னார்: “நீ காவல வாசல்லதான் போட்ட. தள்ளி வைக்கிற ஆளு உள்ளுக்குள்ளயே இருந்தாரு.”

கார்டு கேட்காது

லோரிக்கார வீட்டில் போய்க் கேட்பதாக ஆன்டி சொன்னார். நான் வேண்டாம் என்றேன். ஏற்கெனவே ஒருதடவை தள்ளி வைத்தவர்கள். என் பிழைக்கு அவர்கள் ஏன் இன்னொரு தடவை தள்ள வேண்டும்? சாலைக்கு எதிர்ப்புறம் கோயில் மண்டபம் இருந்தது, சின்னது, அன்றைக்குக் காலி. ஆனால் அத்தை பத்திரிகையைத் திருத்த ஒப்பவில்லை. மஞ்சள் தடவி சாமி முன் வைத்த பத்திரிகையில் அடித்து எழுதுவது அபசகுனம். குமாரைத் தனியாக ஜப்பானுக்கு அனுப்புவதா, சாஸ்திரத்தை விடுவதா என்று அவர் அந்த மேசையிலேயே தலையைப் பிடித்துக்கொண்டார்.

அப்போதுதான் என் தொழில் எனக்குக் கைகொடுத்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னேன்: பத்திரிகையை மாற்ற வேண்டாம். விருந்தாளிகள் இந்த வாசலுக்கே வரட்டும். வாசலில் ஓர் ஆள் நின்று எதிர்ப்பக்கம் அனுப்பட்டும். வெளியே இந்த மண்டபத்தின் பெயர், உள்ளே வேலை செய்வது வேறு மண்டபம். வாசலில் நிற்க நான் நான் என்று மணியம் அங்கிள் கையைத் தூக்கிவிட்டார். கமலா ஆன்டி தன் நாற்காலிகளையும் சமையல்காரரையும் அனுப்புவதாகச் சொன்னார். அத்தை பத்திரிகையையும் எதிரே தெரிந்த கோபுரத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்தார்: “கார்டுல எழுத்து மாறக்கூடாது, அவ்வளவுதான். தாலி எந்தக் கூரைக்குக் கீழ ஏறுச்சுன்னு கார்டு கேக்கப்போறதில்ல.”

வாசல்காரர்

முகூர்த்த நாளன்று மணியம் அங்கிள் வெள்ளை வேட்டி சட்டையில் பெரிய மண்டபத்து வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். நிரலையும் அதற்குள் திருத்தியிருந்தேன். ‘தள்ளி வை’ என்றால் இப்போது வாசல்காரரே பட்டியலைப் பார்த்து, ரத்தையும் பதிவையும் தனித்தனியாக உள்ளே அனுப்புவார். ஆனால் அன்றைக்கு யாரும் கணினியைத் திறக்கவில்லை. வந்தவர்களிடம் அங்கிள் கேட்டது ஒரே கேள்வி, தேவி கல்யாணமா, லோரி வீட்டுக் கல்யாணமா என்று. ஈப்போ கோஷ்டி, பினாங்கு கோஷ்டி, சுங்கை வே தொழிற்சாலை பஸ் எல்லாம் அவர் விரல் காட்டிய பக்கம் சாலையைக் கடந்து வந்து சேர்ந்தன. வேளை தப்பாமல் தாலி ஏறியது. நான் சிரித்துக்கொண்டே அழுதேன், அத்தை அழுதுகொண்டே பந்தியை விரட்டினார்.

வழி தவறியவர் ஒரே ஒருவர்தான். என் முதலாளி சிவபாலன், வாசலில் யாரையும் கேட்காமல் நேராக உள்ளே போய்விட்டார். லோரிக்கார மாப்பிள்ளைக்கு அட்சதை போட்டு, எனக்கென்று வாங்கி வந்த சுவர்க்கடிகாரத்தைக் கொடுத்து, முதல் பந்தியில் உட்கார்ந்து பாயசம் வரை சாப்பிட்டிருக்கிறார். பிறகு சாவகாசமாக மணப்பெண்ணைப் பார்த்தால் அது நான் இல்லை. வேர்த்து விறுவிறுத்து வெளியே வந்தவரைக் கையைப் பிடித்து எங்கள் பந்திக்கு அழைத்து வந்தார் மணியம் அங்கிள். இன்னொரு இலை போட்டார்கள், அதையும் மிச்சம் வைக்கவில்லை. உனக்கு இந்த வாசல் முறையைச் சொல்லிக் கொடுத்தவரே அவர்தானே என்று குமார் என் காதைக் கடித்தார். அங்கிள் முதலாளியின் இலையில் வடை வைத்துக்கொண்டே சொன்னார்: “பேரு அங்க, பந்தி இங்க. வாசல்ல ஒரு வார்த்த கேட்டிருந்தா நீங்க ஒருதடவ பசியாறுனா போதுமே, பாஸ்.”

இத்தனை வருடத்தில் நான் வாசலில் நிறுத்திய எத்தனையோ ஆட்களில் ஒரு பிழையும் இல்லாமல் ஓடியவர் மணியம் அங்கிள் ஒருவர்தான், அவரையும் நான் எழுதவில்லை.