வெட்டிப் போட்ட ஒயர்

ஓரகத்தியாக அவள் வந்து சேரும்வரை, புதுச்சத்திரத்தில் எங்கள் பட்டறையில் நான் வைத்ததுதான் சட்டம். கோழிப்பண்ணையில் தீவன வண்டியை முன்னும் பின்னும் ஓட்டும் மோட்டார் போர்டுகள் செய்கிறோம். மாமனார் லாரி ஒயரிங்கில் பெயரெடுத்தவர். ஒயரை நீளமாக விட்டு, அழகாகச் சுருட்டி, டேக் போட்டுக் கட்டுவது எங்கள் வழக்கம். பின்னால் ஏதாவது மாற்றுவதென்றால் மிச்சம் வேண்டுமே.

“ஒயர் கட்டுனா இப்படிக் கட்டோணும் சாமி” என்பார் என் கட்டைப் பார்த்து. அவள் கட்டுவதோ காக்காய்க் கூடு.

ஆனால் அவளுடைய அந்தக் கூடு கோளாறில்லாமல் ஓடியது. என் போர்டில் வண்டி நிற்கும்போதெல்லாம், மோட்டாருக்குக் கரண்ட் விடும் சுவிட்சுகளை இயக்கும் டிரைவர் சிப் புகைந்தது. வெள்ளிக்கிழமை ஒரு பெரிய பண்ணைக்காரர் வந்து, நாங்கள் ஆளுக்கொன்றாகச் செய்த இரண்டு போர்டில் ஒன்றைத் தன் எல்லாக் கொட்டகைக்கும் எடுப்பதாக இருந்தார். அவளுடையதை எடுத்துவிட்டால் பட்டறையில் அப்புறம் நான் எதற்கு? பெரிய டயோடு போட்டேன், சிப்பை மாற்றினேன். மறுபடியும் புகை. அவளிடம் போய்க் கேட்க எனக்கென்ன தலையெழுத்தா?

வியாழக்கிழமை மத்தியானம் அவளே, வோல்டேஜைக் கோடாக வரைந்து காட்டும் ஸ்கோப்பைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

“பாருங்கக்கா, வண்டி நிக்கறதுக்கு மேல் சுவிட்சு அணையறப்ப கோடு பூச்சியத்துக்குக் கீழ குத்திட்டு எறங்குது. மோட்டார்ல ஓடுன கரண்ட்டு டக்குனு நிக்காதுங்க, நீங்க சுருட்டுன இந்த ஒயரு வழியாத்தான் சுத்தி வருது. ஒயரு நீள நீள அந்தக் குத்தும் பெருசாவுது. சிப்பு அதத் தாங்க மாட்டேங்குது. வெட்டிப்போடட்டுங்களா?”

“என்னமோ பண்ணு” என்றேன்.

நான் சுருட்டிய ஒயரை விரல் நீளத்துக்கு வெட்டினாள். சுவிட்சுகளைச் சிப்புக்குப் பக்கத்தில் கொண்டுவந்தாள். சிப்பின் காலை ஒட்டி, வேகமாக வேலை செய்யும் சின்ன டயோடு ஒன்றைப் பற்றவைத்தாள். கோட்டின் குத்து ஒன்றுமில்லாமல் சுருங்கியது. மீதி ஒயர்களை நான் கட்டியபடியே விட்டுவிட்டாள், மகராசி.

மறுநாள் பண்ணைக்காரர் இரண்டையும் ஓட்டிப் பார்த்தார். இரண்டும் ஓடின. “இது பாக்க லட்சணமா இருக்குதுங்க” என்று என்னுடையதை எடுத்தார். “கட்டுனது யாருங்க?”

“பெரிய மருமவளுங்க” என்றார் மாமனார்.

அவள் எல்லாருக்கும் டீ ஊற்றிக் கொடுத்தாள். எனக்கும் கொடுத்தாள். அதை ஓட வைத்தது தான்தான் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன். அதற்கும் வழியில்லாமல் செய்துவிட்டாள் பாவி.