இரண்டு பெட்டிகளுக்கு நடுவே நான்கு நாட்கள்

ஹட்டன் டவுனுக்கு மேலே, தேயிலை மலை தொடங்கும் இடத்தில் இருந்தது நாங்கள் வாடகைக்கு எடுத்திருந்த வீடு. கல்யாணம், சடங்கு, கோவில் திருவிழா என்று கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் என் கணவர் கேமராவோடு போவார். அவர் கொண்டுவரும் கேசட்டுகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, வெட்டி ஒட்டி, பாட்டுச் சேர்த்து சீடியாக்குவது என் வேலை. அவர் டயகமவில் தோட்டத் தொழிலாளர் லயத்தில் பிறந்தவர், நான் அக்கரப்பத்தனை. இரண்டு பக்கத்துச் சனங்களும் எங்களைத்தான் தேடி வருவார்கள்.

இரண்டாயிரத்துக்குப் பிந்திய அந்த வருஷங்களில், கொழும்பில் கம்ப்யூட்டர் கடையில் இருந்த என் தம்பி ஒரு கறுப்புப் பெட்டியைக் கொண்டுவந்து தந்தான். உள்ளே இரண்டு ஹார்ட் டிஸ்க். ரவுட்டரில் வயரைச் செருகிவிட்டால் வீட்டிலுள்ள எந்தக் கம்ப்யூட்டரிலிருந்தும் அதற்குள் இருப்பதை எடுக்கலாம், வைக்கலாம். இரண்டு வருஷத்தில் அது நிரம்பிவிட்டது. அதைவிட மோசம், உள்ளேயிருந்து கரகரவென்று ஒரு சத்தம் வரத் தொடங்கியது. "சும்மா வச்சிருக்காத அக்கா, எல்லாத்தையும் மாத்திரு" என்று சொல்லித் தம்பி இன்னொரு பெட்டியை அனுப்பினான். அது வெள்ளை, பெரியது.

அறுநூறு கிகாபைட்டுக்கு மேல் இருந்தது. லேப்டாப்பில் இரண்டு பெட்டிகளையும் திறந்து, ஒன்றிலிருந்து மற்றதற்குப் போட்டுவிட்டு உட்கார்ந்தேன். ஏழு நாள் மீதம் என்று காட்டியது. கொஞ்ச நேரத்தில் ஐந்து என்றது. பிறகு ஒன்பது என்றது. நான் பார்ப்பதை விட்டுவிட்டேன்.

ஆடி மாதம். மழை பெய்கிறதா, பனிதான் சொட்டுகிறதா என்று பிரித்துச் சொல்ல முடியாத நாட்கள். ஜன்னலுக்கு வெளியே முதல் வரிசைத் தேயிலைச் செடிகள் மட்டும் தெரியும், அதற்குப் பின்னால் எதுவும் இல்லை. புது வேலை எதையும் தொடக்கூடாது என்பதால் எனக்குச் செய்ய ஒன்றும் கிடையாது. சால்வையைப் போர்த்திக்கொண்டு லேப்டாப்பின் முன்னால் இருப்பேன். போய்க்கொண்டிருக்கும் ஃபைலின் பெயர் மட்டும் சிறிய எழுத்தில் மாறிக்கொண்டிருக்கும். தோட்டத்தின் பெயர், டிவிசன், தேதி. அரைத் தூக்கத்தில் அந்தப் பெயரைப் படித்ததும் முகம் வந்துவிடும். மாலை தோளில் நழுவ நழுவச் சிரித்த மணப்பெண். காவடியோடு பூண்டுலோயா ரோட்டில் இறங்கி வந்த பெரியவர். பந்தலில் சோறு போடும்போது கேமராவைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்ட என் சொந்த அத்தை. நான் அவர்களை எத்தனையோ மணித்தியாலம் பார்த்திருக்கிறேன், அவர்களுக்கு என்னைத் தெரியாது. அந்த ஒன்றரை நாளும் ஏதோ கனவுக்குள் இருந்த மாதிரித்தான் எனக்கு ஞாபகம்.

இரண்டாம் நாள் மத்தியானம் காற்று அடித்தது, கரண்டு போனது. அரை மணித்தியாலத்தில் வந்தும் விட்டது. விட்ட இடத்திலிருந்து தொடரலாம் என்று பெட்டிகளைத் திறந்தேன். அப்போதுதான் தெரிந்தது.

நான் காப்பி செய்திருக்க வேண்டும். ஆனால் 'கட்' கொடுத்திருந்தேன். போனது பழைய பெட்டியில் மறைந்துகொண்டே வந்தால் எவ்வளவு மிச்சம் என்று சுலபமாகத் தெரியுமே என்று நினைத்திருந்தேன். கரண்டு போன நேரத்தில் போய்க்கொண்டிருந்தது மேல் மாடி டீச்சரின் ஃபோல்டர். பழைய பெட்டியில் அது காலி. புதுப் பெட்டியில் பெயர் இருந்தது, அளவு இருந்தது, ஆனால் திறக்கவில்லை.

டீச்சர் யாழ்ப்பாணம். டவுன் பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பித்தார். எங்களுக்கு மேலே இரண்டு அறையில் தனியாக இருந்தார். சண்டை ஓய்ந்து வடக்கே போகும் பாதை திறந்திருந்த காலத்தில் ஒரு லீவுக்கு எங்கள் பழைய கேமராவை வாங்கிக்கொண்டு போய்த் தன் அப்பாவைப் படம் பிடித்து வந்திருந்தார். பிறகு மறுபடி சண்டை மூண்டு பாதை பூட்டப்பட்டது. அப்பா இறந்தபோது டீச்சரால் போக முடியவில்லை. அந்தக் கேசட்டில் அதற்குப் பிறகு நாங்கள் இரண்டு கல்யாணங்களைப் பதிவு செய்துவிட்டோம். பெட்டியில்தான் இருக்கிறதே என்ற நம்பிக்கை.

கணவர் வந்ததும் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. பெட்டிகளையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"எதுக்கு புள்ள நடுவுல லேப்டாப்பு? அங்கேருந்து வயரில்லாமக் காத்துல இங்க வந்து, திரும்பவும் காத்துல அங்க போவுது. புதுப் பெட்டியே பழசுகிட்ட கேட்டு வாங்கிக்கட்டும்."

இரண்டு பெட்டிகளையும் ரவுட்டரில் பக்கத்துப் பக்கத்தில் வயரால் செருகினார். புதுப் பெட்டியின் உள்பக்கத்தைத் திறந்து, பழையதிலிருந்து நேரடியாகப் பிரதி எடுக்கும்படி வைத்தார். எதையும் அழிக்காமல், கரண்டு போனால் விட்ட ஃபைலை மறுபடி முதலிலிருந்து எடுக்கும்படி.

"டீச்சர்கிட்ட நான் சொல்லவா?" என்று கேட்டார்.

"வேணாங்க. நான்தான் செஞ்சேன், நானே சொல்றேன்."

பள்ளிக்கூடம் விட்டு டீச்சர் குடையைச் சுருக்கிக்கொண்டு படியேற வந்தார். வழியிலேயே நிறுத்திச் சொன்னேன். எதனால் நடந்தது, எப்படி நடந்தது என்று ஏதேதோ சொன்னேன். அவர் முழுவதையும் கேட்டார்.

"அப்ப அது இல்லையோ இப்ப?"

"இல்லங்க டீச்சர். என்னாலதான்."

"நீர் அழாதையும்" என்றார். அப்புறம் குடை நுனியிலிருந்து தண்ணீர் வடிவதைப் பார்த்தபடி சொன்னார். "நான் அதை ஒருக்காவும் பாக்கேல்லை தங்கச்சி. செத்தவீட்டுக்கும் போகேல்லைத்தானே. பாத்தா அவர் செத்தது உண்மையாப் போயிடும் எண்டு பயம். பிறகு பாப்பம், பிறகு பாப்பம் எண்டு வைச்சிருந்தன்."

மேலே போய்விட்டார். அன்றைக்கு அவர் அறையில் நடக்கும் சத்தம்கூடக் கேட்கவில்லை. என்னைத் திட்டியிருந்தால் பரவாயில்லை என்று இருந்தது.

மூன்றாம் நாள் இரண்டு பெட்டிகளின் பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். வேறு எதையும் தொலைத்திருக்கிறேனா என்று பயம். கடைசியில் எங்கள் எடிட்டிங் வேலையின் குப்பை ஃபோல்டர் வந்தது. கம்ப்யூட்டர் திணறாமல் இருக்க, பெரிய படங்களைச் சின்னதாக்கித் தற்காலிகமாக வைத்துக்கொள்ளும் பிரதிகள் அதில் கிடக்கும். பெயர் கிடையாது, வெறும் இலக்கங்கள். வேலை முடிந்ததும் அழிக்க வேண்டியவை. நான் சோம்பேறி, அழித்ததே இல்லை. ஒவ்வொன்றாகத் திறந்து மூடினேன். கல்யாணம், கல்யாணம், சப்பரம், கல்யாணம். நாற்பதாவதோ என்னவோ, ஒரு மணல் முற்றம் வந்தது. மலையில் எங்கேயும் இல்லாத வெள்ளை மணல்.

சிவப்புச் சால்வையும் காலில் ஒரு செருப்புமாக மேலே ஓடினேன்.

டீச்சர் கீழே எங்கள் முன்னறையில் வந்து உட்கார்ந்தார். கணவரும் எங்களோடு உட்கார்ந்தார். "சின்னப் படம் டீச்சர். தெளிவா இருக்காதுங்க" என்றேன். லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார்.

தீப்பெட்டி அளவு படம். முகம் கலங்கித்தான் தெரிந்தது. வெயிலில் ஒரு வயதானவர் சைக்கிளுக்குப் பக்கத்தில் குந்தியிருந்தார். சத்தம் மட்டும் துல்லியமாக இருந்தது.

"உந்தக் கேமராவை நிப்பாட்டு பிள்ளை. சில்லுக்குக் காத்தடிக்கிறதையும் படம் பிடிக்கிறதே? வந்து பம்பைப் பிடி."

கேமராவுக்குப் பின்னாலிருந்து ஒரு சிரிப்பு. படம் ஆடியது, சரிந்தது, மணலில் போய் நின்றது. டீச்சர் கேமராவை நிறுத்த மறந்து கீழே வைத்துவிட்டார் போலிருக்கிறது. அதற்குப் பிறகு சைக்கிள் சில்லின் பாதியும் நான்கு பாதங்களும் மட்டும்தான், பக்கவாட்டாக. பம்பின் சத்தம். அவர் எதையோ சொல்ல, இவர் எதையோ சொல்ல, ஒரு காகம். கிட்டத்தட்ட இருபது நிமிஷம் அப்படியே போனது. எங்கள் ஜன்னலில் பனி அடைத்துக்கொண்டு நிற்க, அறைக்குள் வேறு ஊர் வெயில் அடித்துக்கொண்டிருந்தது. நாங்கள் மூன்று பேரும் அசையவில்லை.

முடிந்ததும் டீச்சர் மெதுவாகச் சொன்னார். "பம்பைப் பிடிக்கச் சொன்னவர். பிடிச்சனான்."

அப்போதுதான் அழுதார். என் கணவர் எழுந்து தேத்தண்ணி ஊற்றப் போய்விட்டார். நான் டீச்சரின் கையைப் பிடித்துக்கொண்டேன். அது குளிர்ந்துபோய் இருந்தது.

"பெரிய படம் போயிருச்சே டீச்சர்" என்றேன்.

"குரல் இருக்கு தங்கச்சி. எனக்கு அதுவே காணும்."

நான்காம் நாள் பின்னேரம் பிரதி எடுத்து முடிந்தது. முடிந்த நேரத்தில் அதற்குப் பக்கத்தில் யாரும் இல்லை. பனி விலகியதால் கணவர் துணி காயப்போடப் போயிருந்தார், நான் அடுப்படியில் இருந்தேன். வந்து பார்த்தபோது, முதலில் 'கட்' கொடுத்துப் போனவற்றைக் கழித்தால், இரண்டு பக்கமும் எண்ணிக்கை ஒன்றாக இருந்தது. அதை நம்பாமல் ஒவ்வொரு ஃபோல்டராகத் திறந்து, ஒவ்வொரு படமும் ஓடுகிறதா என்று பார்க்கத் தொடங்கினேன். பழைய பெட்டியை அழிக்கவே இல்லை. ஒரு மரத்தட்டில் துணி சுற்றி வைத்தோம்.

டீச்சருக்கு ஒரு சீடி போட்டுக் கொடுத்திருந்தேன். அன்று அவர் அறையிலிருந்து பலகைத் தட்டு வழியாகச் சத்தம் கீழே வந்தது. பம்ப் அடிக்கும் சத்தம், ஒரு இருமல், ஒரு சிரிப்பு.

"மூணாவது தடவ போடுறாங்க" என்றார் கணவர்.

நான் அடுத்த ஃபோல்டரைத் திறந்தேன்.